வெயிலில் வெந்த விருந்தாளிகள்

பிளேடைக் கிடையாகப் பிடித்து, மிளகளவு வேர்முடிச்சு ஒன்றை மஹ்பூபா இரண்டாக அரிகிறார். உள்ளே இளஞ்சிவப்பு. “வேல செய்யறான்,” என்கிறார். அடுத்ததும் சிவப்பு. “இவனும் செய்யறான்.” மூன்றாவது வெள்ளை. “இவன் சும்மா உக்காந்து திங்கிறான்,” என்று சொல்லிவிட்டு, எதிர் மேசையில் தேநீரோடு சாய்ந்திருக்கும் விற்பனையாளர் அஸ்ஹரைப் பார்க்கிறார். அஸ்ஹர் அவசரமாகக் கணினியைத் திறக்கிறார்.

ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் ஃபெரி ஏறி, சிம்பாங் அம்பாட்டில் உள்ள இந்தச் சிறிய தொழிற்சாலைக்கு மஹ்பூபா வந்துபோவது இது இருபதாவது வருடம். பயறு விதையோடு கலந்து விதைக்க, மண் பாக்டீரியாக்களை வளர்த்துப் பொட்டலம் போடும் இடம் இது. தெரியாமல் யாராவது “இது என்னக்கா?” என்று கேட்டுவிட்டால் போச்சு.

“வேரு மொதல்ல மண்ணுக்குள்ள ஒரு சேதி அனுப்பும். எல்லாருக்கும் இல்ல லா, தனக்கு வேண்டியவனுக்கு மட்டும். அவன் வந்து ஒட்டிக்கிட்டு பதில் சேதி சொல்லுவான். அது சரியா இருந்தா, வேரோட முடி இப்படிச் சுருண்டு அவன உள்ள இழுத்துக்கும்.” சுண்டுவிரல் சுருண்டு காட்டும். “அப்புறம் அவன் அந்த முடிச்சுக்குள்ள உக்காந்து காத்துலேந்து ஒரம் செஞ்சு குடுப்பான். செடி அவனுக்குச் சீனி குடுக்கும்.” கேட்டவர் அதற்குள் கதவருகே போயிருப்பார்.

மஹ்பூபா தவறு செய்ததாகச் சரித்திரம் இல்லை. “எங்க வீட்டுல தப்பு பண்ற உரிம எனக்கு மட்டுந்தான்,” என்பார் கணவர் ஹனீபா.

போன மாதம் அர்ஜுனன் தொலைபேசியில் அழைத்தார். ஐந்து ஏக்கரில், பாமாயில் தரும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே, மண்ணுக்கு உரமாகட்டும் என்று இவர்களிடம் வாங்கிய பொட்டலங்களைக் கலந்து கொடிப்பயறு விதைத்தவர். இரண்டு மாதமாகியும் இலையெல்லாம் மஞ்சளாம். வேரில் முடிச்சே இல்லையாம்.

“புடுங்குனீங்களா, தோண்டுனீங்களா?”

“புடுங்கித்தான் பாத்தேன்.”

“அதான்! முடிச்செல்லாம் மண்ணுலயே அறுந்து கெடக்கும். தொடாதீங்க, நான் வரேன்.”

நேரில் போய்ப் பாடம் நடத்திக்கொண்டே தோண்டினார். அர்ஜுனனின் குடிதண்ணீர் போத்தலை, கேட்காமலேயே எடுத்து வேரைக் கழுவினார். முடிச்சுகள் இருந்தன. “பாத்தீங்களா?” என்று வெற்றியோடு ஒன்றை அரிந்தார். வெள்ளை. இன்னொன்று, வெள்ளை. ஏழு அரிந்தும் ஒரு சிவப்பு இல்லை. மண்ணில் முன்பே கிடந்த சோம்பேறிகள் வேரில் குடியேறிவிட்டார்கள். இவர் அனுப்பியவர்கள் உயிரோடு வந்துசேரவே இல்லை.

எட்டாவதை அரியாமல் பிளேடை இறக்கினார். காரணம் அவருக்குத் தெரியும். பொட்டலங்களை இங்கே அனுப்பிய அன்று, வழியில் ஜுருவில் லோரி பழுதாகி நின்றுபோக, ஓட்டுநர் ஸுல்கிஃப்லி கூப்பிட்டுக் கேட்டிருந்தார்: “அக்கா, பெட்டியெல்லாம் வெயில்ல வேகுது. திருப்பிக் கொண்டாரவா?” நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே மஹ்பூபா சொன்ன பதில்: “ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது லா, கொண்டுபோய்க் குடு.”

அது இரண்டே பேருக்குத் தெரிந்த கதை. போதாக்குறைக்கு அர்ஜுனனே வழி திறந்துவிட்டார். “என் மண்ணுதான் சரியில்லையோ என்னமோக்கா. அப்பவே எல்லாரும் சொன்னாங்க.”

தலையை ஆட்டினால் போதும். மஹ்பூபா பிளேடைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“மண்ணு நல்ல மண்ணுதாண்ணே,” என்றார் கடைசியில். “தப்பு என் பேர்ல. வெயில்ல வெந்தத உங்களுக்குக் குடுக்கச் சொன்னது நான்தான்.”

அர்ஜுனன் பதறினார். “ஐயோ, பரவால்லக்கா.”

“என்ன பரவால்ல? ரெண்டு மாசம் போச்சு! கொஞ்சம் கோவப்படுங்கண்ணே!” மன்னித்ததற்காக அவருக்கு நல்ல திட்டு விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை புதுப் பொட்டலங்களை லோரியில் விடாமல் தாமே கொண்டுவந்தார். சேற்றில் கார் போகாது. தார்ச்சாலையிலிருந்து தோட்டம் வரை நடைதான். உச்சி வெயில். இடுப்பில் பெட்டியை இடுக்கி, மறு கையில் குடை பிடித்து வருபவரைக் கண்டு அர்ஜுனன் ஓடிவந்தார். “குடுங்கக்கா, பெட்டிய நான் தூக்கறேன். நீங்க குடைய நல்லாப் புடிச்சிக்குங்க.”

பெட்டியைக் கொடுத்தார். குடையை நன்றாகத்தான் பிடித்தார்: அர்ஜுனனின் பக்கத்தில் வெயிலில் நடந்தபடி, கையை எட்டி நீட்டி, பெட்டிக்கு மேலே.