சோத்துக்கைப் பக்கத் திரை

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் சங்கத்தின் விளையாட்டு விழா அது. நடந்து பத்து வருடத்துக்கு மேல். அப்போதும் நீங்கள்தான் தலைவர். கரம்போட், சதுரங்கத்தோடு கணினியில் ஒரு கார்ப் போட்டியும் வைப்போம், மூன்று திரைகளை வரிசையாக வைத்து ஒரே ரோட்டை மூன்றிலும் ஓடவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னது நான். "உன்னால ஏலுமோ?" என்று கேட்டீர்கள். ஏலும் என்றேன். கணினி வேலைதான் என் பிழைப்பு.

மூன்று கிழமை வீட்டில் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு திரை எழும்பவே இல்லை. அதற்கு வேறு அடாப்டர் வேண்டும் என்று கண்டுபிடிக்கவே நாலு நாள் போனது. அந்தத் திரையை நடுவில் வைத்தேன். திரைகளுக்கு இடையில் நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தை அடிமட்டத்தால் அளந்து, அந்த அளவு படம் சட்டத்துக்குப் பின்னால் போவதுபோலக் கணினியில் மறைத்தேன். அப்போதுதான் வளைவில் ரோட்டு முறியாமல் போகும்.

விழா அன்று காலை மண்டபத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு அப்வார்ட், அதுதான் மண்டபத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரர், மேசை அவசர வாசலை மறைக்கிறது என்று கத்தினார். நான் அவரோடு கதைக்கப் போன நேரத்தில் நீங்கள் இரண்டு பக்கத் திரைகளிலிருந்தும் வயர்களைக் கழற்றி, மேசையைத் தள்ளிவிட்டீர்கள். திரும்பி வந்தால் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு வயர்கள் நிலத்தில் கிடக்கின்றன.

"எது எந்தப் பக்கம் அண்ணை?"

கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமல் ஒன்றைக் காலால் தட்டினீர்கள். "இது சோத்துக்கைப் பக்கம்."

மற்றவர்களுக்குச் சோத்துக்கை வலது. நான் இடதுகைக்காரி. சோறு தின்பதும் இடது கையால்தான். அம்மா அடித்தும் மாறவில்லை. எங்கள் வீட்டில் சோத்துக்கைப் பக்கம் என்றால், யாருடைய கை என்று கேட்க வேண்டும். அதனால் கேட்டேன்.

"எனக்குச் சோத்துக்கை இடது. இது இடதோ?"

"ஓம் ஓம், செருகு பிள்ளை. பிரதம விருந்தினர் வந்திட்டார்."

செருகினேன். ஓட்டிப் பார்க்க நேரம் தரவில்லை.

முதலில் ஓட்ட வந்தது முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. ரோட்டு நேராகப் போகும்வரை பிரச்சினை இல்லை. முதல் வளைவில், வலப்பக்கம் தெரிய வேண்டிய ரோட்டு இடப்பக்கத் திரையில் வந்தது. அக்கா அந்தப் பக்கம் திருப்பினார், மதிலில் அடித்தார்.

"யாழ்ப்பாணத்துப் பக்கத்தால ஓடுறா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அங்கே வாகனம் இடப்பக்கத்தால் ஓடும், இங்கே வலப்பக்கத்தால்.

"அக்கா, லைசென்ஸ் எங்க எடுத்தனீங்கள்?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. கணினியில் திரைகளின் வரிசையை மாற்றினால் போதும். "ரெண்டு நிமிசம் தாங்கோ அண்ணை" என்றேன். நீங்கள் மைக்கை எடுத்தீர்கள்.

"பிள்ளைக்குச் சோத்துக்கை எது, மற்றக்கை எது எண்டு தெரியாது. ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

போட்டி அதோடு நின்றது. அதற்குப் பிறகு எந்த விழாவிலும் என்னை ஒரு வயரையும் தொட விடவில்லை. "தெரிஞ்ச ஆக்கள் செய்யட்டும்" என்றார்கள். போன மாதமும் ஒரு கலியாண வீட்டில் ஒரு அன்ரி கேட்டார்: "நீதானே அந்தக் கை தெரியாத பிள்ளை?"

வயர்களில் அடையாளம் ஒட்டாதது என் பிழை. ஓட்டிப் பார்க்காமல் தொடங்க விட்டதும் என் பிழை. யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் நான் உங்களிடம் கேட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம். முன்வரிசையில் இருப்பேன். தனியே கூப்பிட்டு "விடு பிள்ளை" என்று சமாளிக்க வேண்டாம். எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள்: இடதோ என்று நான் கேட்டேனா, இல்லையா?