வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

ஷர்மினி டீச்சருக்குக் கால் தரையில் பாவாது. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோர் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவள். பாடம் முடிவதற்குள் வகுப்பைப் பிரதட்சணம் பண்ணிவிடுவாள். கணையத்துச் செல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிற்பாள்.

"அது மகாக் கஞ்சன். இன்சுலினச் சின்னச் சின்னப் பையில கட்டி வாசலோரமா வச்சிருக்கும். சர்க்கரை வந்தாத்தான் கால்சியம் கதவு திறக்கும். கால்சியம் நுழைஞ்சாத்தான் பை சுவரோட ஒட்டி வாயத் திறந்து கொட்டும். அதுவரைக்கும் பை அவிழாது."

ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவள் வீட்டில் கோட்டைவிட்டதுதான் கூத்து. அவளுடைய அண்ணன் சன்னாசி லாரி ஓட்டுகிறார், இனிப்புநீர்க்காரர், அதாவது சர்க்கரை வியாதி. மாத்திரை போடச் சொல்லி வருஷம் முழுக்க நச்சரிப்பாள். பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்கு அவர் விரதமிருந்து தீ மிதிக்கப்போன நாளன்றும் விடவில்லை.

"அண்ணே, மாத்திரை போட்டீங்களா?"

"விரதத்துல சோறுதான் கிடையாது. மருந்து தவறல லா."

அவளுக்கு நிம்மதிதான். ஆனாலும் அன்று முழுக்க எதையோ மறந்துவிட்டது போல மனசு அரித்துக்கொண்டே இருந்தது. காரணம் பிடிபடாமல் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

மாலையில் தீக்குழிக்கு முன்னால் வரிசை நின்றது, அண்ணனும் அதில் நின்றார். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு என்னவோ முனகினார்.

"சாமி வந்துருச்சு" என்று கூட்டம் வழிவிட்டது. உறுமி வேகம் பிடித்தது.

நாள் முழுக்க மனசை அரித்தது எதுவென்று ஷர்மினிக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் விழுங்குகிற மாத்திரை சர்க்கரைக்காகக் காத்திருக்கிற ரகம் அல்ல. தானே கதவைத் திறந்துவிடும். வயிற்றில் ஒன்றுமில்லை, பைகளோ இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

அன்னதானப் பந்தலுக்கு ஓடி சீனி கரைத்த சிரப் தண்ணீர்க் கூஜாவையும் ஒரு கிளாஸையும் தூக்கிவந்தாள். கோயில் தலைவர் குறுக்கே நின்றார்.

"அருள் வந்த ஆளத் தொடாதம்மா. விரதம் கெட்டுரும்."

"அருள் இல்லங்க, உடம்புல சீனி இறங்கிருச்சு. இப்படியே நெருப்புல இறங்குனா நடுவுல விழுந்துருவாரு."

அவள் தலைவரைத் தள்ளிவிட்டுப் போய், அண்ணனை மண்ணில் உட்காரவைத்து மடக்கு மடக்காகப் புகட்டினாள். பின்னால் யாரோ ஏசினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் தெளிந்தது. நாக்கில் இனிப்பு தெரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

"விரதத்த முறிச்சிட்டியேம்மா."

"முறிச்சிட்டேண்ணே. மாத்திரை இன்னும் வேல செய்யும், சீனி திரும்ப இறங்கும். வாங்க, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவர் அசையவில்லை. அவரோடு காப்புக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக நெருப்பில் இறங்கிக் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இழுத்துக்கொண்டு போக அவளுக்குப் பலமில்லை.

கடைசி ஆளும் கரையேறிய பிறகு, காலி கிளாஸை அவராகவே எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."