காகிதக் குழல்

இசைப்பள்ளியின் விழா மலரில் மண்டபத்துக் குழல் ஆர்கனின் வரலாறு இரண்டு பக்கத்துக்கு வந்திருக்கிறது. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தது, தூத்துக்குடியிலிருந்து லாரி ஏறியது, கைத்துருத்தியை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தது, எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மேல்வரிசையில் இடமிருந்து ஒன்பதாவது குழலின் பாதி காகிதம் என்பது மட்டும் இல்லை. அதை எழுதித் தர வேண்டியவள் நான்தான்.

அப்போது ஆறாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. அம்மா இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. "ஒங்காத்தாளுக்கு ஆம்பளத் தொண்டைடீ. தாலாட்டுப் பாடுனா தெருவே முழிச்சுக்கிரும்" என்று காரியாபட்டிப் பெரியம்மா கேலி செய்வாள். என்னிடம் இருந்தது புகைப்படம் மட்டும். அதில் தொண்டை தெரியாது. அப்பா விஸ்வநத்தத்தில் பட்டாசுக்குக் குழாய் உருட்டுபவர். தீபாவளி சீசனில் விளக்கு வைத்த பிறகே வீடு திரும்புவார். பாட்டு வகுப்பு முடிந்து மற்றவர்களை யாராவது வந்து கூட்டிப் போனபின், மண்டபத்தில் நானும் ஆர்கனும் இருப்போம். பூட்டிய வீட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

அன்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அதன் பின்னால் ஏறினேன். கால் வழுக்கியது. பிடித்த குழல் கையோடு வந்துவிட்டது. அதன் மேல்பாதி எனக்கடியில் நசுங்கியது. பாட்டு டீச்சருக்குத் தெரிந்தால் இனி மண்டபத்துக்குள் விடமாட்டார். குழலைப் பள்ளிப்பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழாதானே தாயி? இதுக்கா இம்புட்டு அழுக?"

நசுங்கிய பாதியை வெட்டிவிட்டு, அதே அளவுக்குப் பழுப்புத்தாளைப் பசை தடவி உருட்டிப் பொருத்தினார். மூன்று நாள் வெயிலில் காய்ந்தது. எந்தக் குழாய்க்கும் ஒரு வாயை மண்ணால் அடைப்பது அவர் கைப்பழக்கம். இதையும் அடைத்துவிட்டார்.

ஆர்கனை வெள்ளிக்கிழமைகளில்தான் வாசிப்பார்கள். அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு அப்பாவே வந்தார். "பிள்ள தெரியாமப் பண்ணிருச்சு டீச்சர். வைய்யிறதா இருந்தா என்னய வைய்யிங்க."

டீச்சர் குழலை மாட்டி, அதற்குரிய கட்டையை அமுக்கினார். சிறுமியின் குரலில் பாட வேண்டிய குழல், கனத்துத் தாழ்ந்த குரலில் ஹும் என்றது.

"ஏலே, எருமை கத்துதுலே!" பின்வரிசை சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேல அடைச்சுட்டீங்க, அதான் ஒரு ஸ்தாயி எறங்கிருச்சு. மண்ணை எடுத்துட்டாச் சரியாயிரும்" என்றார் டீச்சர்.

"இன்னொருவாட்டி அமுக்குங்க" என்றார் அப்பா. பிறகு இன்னொரு முறை. "மண்ண எடுக்க வேணாம் டீச்சர். இப்படியே இருக்கட்டும்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். குழலை அப்படியே விட்டுவிட்டார். என்னையும் மண்டபத்தை விட்டு அனுப்பிவிடவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அப்பா மண்டபத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். "அந்தக் கட்டைய அமுக்கு தாயி" என்பார். கண்ணை மூடிக்கொள்வார். எழும்போது, "நமுத்துப் போகல" என்று மட்டும் சொல்வார். பட்டாசு வேலைக்காரர், காகிதத்தில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வருகிறார் என்றே நினைத்தேன். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. சட்டென்று விரலை எடுத்துவிடுவேன். அவர் கண்ணைத் திறக்கும்வரை ஒருநாளும் நான் காத்திருந்ததில்லை.