தூங்க மாட்டேன் என்பவர்களுடன் பன்னிரண்டு வருடங்கள்

டேகேர் நடத்துவது பகல் முழுக்க நடக்கும் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும், அது மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிகிற வேலை.

அடுகோடியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு வருடங்களாக இதை நடத்துகிறேன். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை ஏழு குழந்தைகள். உதவிக்கு மஞ்சுளா. பக்கத்து ஏரியாவான நீலசந்திராவிலிருந்து வருகிறவள், கன்னடத்தில் கொஞ்சுவாள், தமிழில் திட்டுவாள். காலையில் பிள்ளைகள் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்பார்கள். பருப்பு சாதம் ஊட்டி, வாய் துடைத்து, பாயை விரித்தால் போதும், ஏழு பேரும் எதிர்க்கட்சி ஆகிவிடுவார்கள். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து போகிறவர்களே, தயவுசெய்து ஏழால் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவது இடம்

கவினுக்கு இரண்டேகால் வயது. அவன் அம்மா சுகன்யா ஈரோட்டுப் பெண். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவளுக்கு, இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. கணவருக்கு ஊரின் மறுகோடியில், பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு டேகேர்களில் கவினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டிலும் ஒரே காரணம்: மத்தியானம் தூங்குவதில்லை, மற்ற பிள்ளைகளையும் தூங்க விடுவதில்லை.

எங்களிடம் ஒரு விதி உண்டு. புதிதாக வரும் பிள்ளையை இரண்டு வாரம் வைத்துப் பார்ப்போம். பழகிவிட்டால் சேர்த்துக்கொள்வோம்; இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவோம். அதைச் சுகன்யாவிடம் சொன்னேன். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "இங்கேயும் முடியாதுன்னா வேலையை விட்டுட வேண்டியதுதான் ஆன்ட்டி. சேர்ந்து இருபது நாள்தான் ஆச்சு. அவன் சாப்பிடலைன்னா பரவாயில்ல, சட்டையைக் கிழிச்சாலும் பரவாயில்ல. தூங்கலைன்னு மட்டும் அனுப்பிடாதீங்க."

கண் பரிசோதனை

கவின் அழமாட்டான், எதையும் தூக்கி எறியமாட்டான். பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். மற்ற ஆறு பேரும் தூங்கும் வரை காத்திருப்பான். பிறகு எழுந்து, ஒவ்வொரு பாயாகப் போய்க் குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் தூங்குகிற பிள்ளையின் இமையை மெதுவாகத் தூக்குவான். உள்ளே கருவிழி தெரிந்ததும் அடுத்த பாய்க்குப் போவான்.

ஆறு பேரைத் தூங்க வைக்க எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். எழுப்ப அவனுக்கு நான்கு நிமிடம் போதும். பார்த்தவுடன் ஓடிப்போய் அவனைத் தூக்கி வந்துவிடுவோம்; அதற்குள் இரண்டு பேராவது எழுந்து உட்கார்ந்து மற்றவர்களை அழைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் மஞ்சுளா கையிலிருந்த துணியைத் தரையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இவன் தூங்க வந்த பிள்ளை இல்லக்கா. செக்கிங் வந்த இன்ஸ்பெக்டர்."

சட்னியும் ஸ்கூட்டரும்

மற்ற பிள்ளைகள் வீட்டில் எப்படித் தூங்குவார்களோ, இங்கேயும் அப்படித்தான் தூங்குவோம் என்பார்கள். நிலாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காது மடல் வேண்டும். என்னுடையது. அதிலும் இடதுதான். தியாவுக்கு மிக்சி ஓடுகிற சத்தம் வேண்டும். அவள் அம்மா அதை ஃபோனில் பதிவு செய்தே அனுப்பியிருக்கிறார். மிக்சி சத்தம் கேட்டதும் தியா தூங்கிவிடுவாள். ரித்விக் எழுந்து சட்னி கேட்பான். ஒருத்தியை ஹாலிலும் ஒருவனை உள்ளறையிலும் போட்டுக் கதவைச் சாத்தினால், என் காதைக் காணோம் என்று நிலா அழுவாள்.

அருண் ஸ்கூட்டரில் போகும்போது மட்டும்தான் தூங்குவான். அவன் அப்பா பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார். என் கஷ்டத்தைப் பார்த்து மனம் இரங்கி, ஒரு நாள் வண்டியை எங்கள் கேட்டுக்குள் நிறுத்திச் சாவியை நீட்டினார். "ஸ்டார்ட் பண்ணவே வேணாம்க்கா. ஸ்டாண்டை எடுத்துட்டு, ஒருத்தர் அவனைப் புடிச்சுக்கினு, இன்னொருத்தர் வண்டியை லேசா ஆட்டிக்கினே இருந்தா போதும்."

தக்காளி வண்டி

மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு எங்கள் தெருவில் காய்கறி வண்டி வரும். வியாபாரியின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார்கள். தக்காளியில் தொடங்கி முருங்கைக்காய் வரை போய், மூச்சு வாங்காமல் மறுபடியும் தக்காளிக்கு வரும். கடைசிப் பிள்ளையின் கண் சொருகுகிற நேரமும் அதுதான்.

வெளியே ஓடிப்போய், குழந்தைகள் தூங்குகிறார்கள், நான்கு வீடு தள்ளிப் போய்ப் போடக்கூடாதா என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒலியைக் குறைக்கவில்லை. "நீங்க சொல்றது கரெக்டுக்கா. ஆனா நான் சத்தம் போடலைன்னா, இந்தத் தெருவுல பெரியவங்க ஒருத்தரும் எழுந்து வர மாட்டாங்களே."

கூரையிலிருந்து ஒரு குரல்

பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால் ஹால் மூலையில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன். ஆபீஸில் இருந்தபடியே ஃபோனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கேமரா பேசவும் செய்யும் என்பது எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. மணி ஒன்று ஐம்பத்தைந்து. ஆறு பேரும் தூங்கியாயிற்று. கவினை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரையிலிருந்து கணீரென்று ஒரு ஆண் குரல்: "தியா! குப்புறப் படுக்காதம்மா, திரும்பிப் படு!"

தியா எழுந்து கூரையில் அப்பாவைத் தேடி அழுதாள். மற்றவர்கள் அவளுக்குத் துணையாக அழுதார்கள். ரித்விக் மட்டும் சுவரைப் பார்த்துக் கைகாட்டி டாட்டா சொன்னான். தியாவின் அப்பாவை ஃபோனில் பிடித்து, எனக்கு வந்த கோபத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு, ஏன் சார் இப்படி என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாரி ஆன்ட்டி, மீட்டிங் ஞாபகத்துல மியூட்ல இருக்கேன்னு நினைச்சிட்டேன்."

பத்தாம் நாள்

அந்தக் கூரைக் குரலைக்கூட மன்னித்த அம்மாக்கள், கவினை மன்னிக்கத் தயாராக இல்லை. "அந்தப் புதுப்பையன் எங்க பாப்பா கண்ணுக்குள்ள விரலை விடறானாமே" என்று நிலாவின் அம்மா வாசலில் நின்று கேட்டார். தியாவின் அம்மா இதையே பெரிய செய்தியாக எழுதி அனுப்பினார். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. பத்து நாளில் ஒரு மத்தியானம்கூட யாரும் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்கவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குப் பிள்ளைகள் ஒன்றையொன்று கடிக்கிற நிலைக்கு வந்திருந்தன. இன்று மாலையே சுகன்யாவிடம் முடியாது என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம், அருணைத் தட்டிக்கொண்டே படுத்த மஞ்சுளா, அவனுக்கு முன்னால் தூங்கிவிட்டாள். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு வருவதற்குள் கவின் அவள் பக்கத்தில் குந்தியிருந்தான். விரலால் அவள் இமையைத் தூக்கினான். அவள் திடுக்கிட்டு விழித்து, "சும்னிரு கண்ணா, மலக்கோ" என்று, சும்மா இரு, படுத்துக்கொள் என்பதைக் கன்னடத்தில் முனகியபடி அவனைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தாள். அவன் அவள் காதருகே குனிந்து, ரகசியம் சொல்வது போலச் சொன்னான்: "தூங்காத. தூங்குனா அம்மா போயிரும்."

எங்கள் தொழில் ரகசியம்

முதல் நாள் அம்மா கூடவே இருக்க வேண்டும். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, அது எழுவதற்குள் சத்தமில்லாமல் நழுவிவிட வேண்டும். வாசலில் அழுகை இருக்காது, யாருக்கும் மனம் கஷ்டப்படாது. பன்னிரண்டு வருடமாக எல்லா அம்மாக்களுக்கும் நான் சொல்லிக் கொடுக்கிற வழி இது. சுகன்யாவுக்கும் சொல்லியிருந்தேன். அன்று மாலை அவளைக் கேட்டபோது, முன்னால் பார்த்த இரண்டு இடங்களிலும் இதையேதான் சொன்னார்கள் என்றாள். மூன்று முறை அந்தப் பிள்ளை அம்மாவின் பக்கத்தில் தூங்கி, தெரியாத முகங்களுக்கு நடுவில் விழித்திருக்கிறது. அதற்குப் பிறகு தூங்குவானா? பாவம், மற்றவர்களையும் எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள்தான் அவன் வாயைத் திறப்பதற்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தயார் செய்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. நாளையிலிருந்து அவன் முகத்தைப் பார்த்து, போகிறேன், நீ சாயங்காலம் பால் குடித்ததும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போ என்றேன். மூன்று நாள் அவன் அழுத அழுகையில் தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. இரண்டு நாள் சுகன்யா ஆபீஸுக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் பேச்சு வாங்கினாள். மத்தியானங்களில் நான் அவன் பாயிலேயே உட்கார்ந்தேன். "அம்மா?" என்பான். "பால் குடிச்சதும் வருவாங்க" என்பேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் "அம்மா?" என்பான். பொறுமைசாலி என்று எனக்குப் பெயர். அந்த நான்கு நாளில் அது எத்தனை முறை கழன்று விழுந்தது என்பது மஞ்சுளாவுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வாரக் கெடுவின் கடைசி நாள், இரண்டு ஐம்பதுக்கு, கேள்வி பாதியில் நின்றது. அவன் தலை என் முழங்காலில் சாய்ந்தது. மற்ற ஆறு பேரும் அதற்குள் விழித்துவிட்டார்கள். மஞ்சுளா பிஸ்கட்டைக் காட்டி அவர்களைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். என் கால் மரத்துப் போய், சைகையில் அவளைக் கூப்பிட்டேன். கதவிடுக்கில் தலையை நீட்டி, கிசுகிசுத்தாள்: "அசையாதீங்கக்கா! கால் போனா போகட்டும், அவன் எழுந்தா நம்ம கதை முடிஞ்சுது."

நன்றி

கவினைச் சேர்த்துக்கொண்டோம். அடுத்த வாரம் முழுக்க, ஒன்றேகாலுக்குப் பாயில் விழுந்தால் மூன்று மணி வரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நிலாவின் அம்மாகூட, அந்தப் பையன் நல்ல பையன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை சுகன்யா ஒரு டப்பா நிறைய மைசூர்பாகுடன் வந்தாள். முகத்தில் நல்ல தெளிவு. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பாராட்டைக் கேட்க வசதியாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"வேலை இப்ப நல்லா போகுது ஆன்ட்டி. உங்களாலதான். ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி பதினோரு மணி ஆனாலும் படுக்க மாட்டேங்கிறான். மத்தியானம் அவனைக் கொஞ்சம் தூங்க விடாம பார்த்துக்க முடியுமா?"

இந்தத் தொழிலில் தூங்காத பிள்ளைக்கு ஒரு புகார் வரும், தூங்குகிற பிள்ளைக்கு ஒரு புகார் வரும், புகாரே வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் பெற்றோர் இன்னும் ஆபீஸிலிருந்து கிளம்பவில்லை என்று அர்த்தம்.