நான் பனைமரமாக நின்ற காலை

போன புதன்கிழமை காலை ஆறரை தொடக்கம் நான் ஒரு பனைமரமாக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில், மூங்கில் தடியொன்றில் என் பழைய சிவப்புச் சேலையைக் கட்டி, உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

கொடுத்தவள் வதனி. புதுக்குடியிருப்புச் சந்தையில் எனக்கு மீன் தருகிறவள். அவளும் கணவன் தவமும் சின்ன வள்ளத்தில் போய், கரையை அண்டிய பாரில் தூண்டல் போடுகிறவர்கள். பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் கல்மேடு. விளைமீனும் கலவாயும் அங்கேதான் குடியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் அந்தப் பாருக்குப் போக முடியாது. அலை ஒரு பக்கம்... மழை வெள்ளம் கொண்டுவரும் கலங்கல் மறுபக்கம். குளம் நிரம்பி வான் பாய்ந்தது என்று உடையார்கட்டில் வயல்காரர் நாங்கள் சந்தோஷப்படுகிறோமே, அந்தச் சேற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை. அது வதனியின் பாருக்கு மேல் போய் நிற்கிறது.

பங்குனியில் கடல் தெளியும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால், சின்ன வள்ளத்தைப் பாருக்கு மேல் நிற்கவிடாமல் வெளியே தள்ளும். இடையில் கிடைக்கிற அமைதியான வாரங்கள்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம்.

இந்த வருடமும் கடல் தெளிந்தது. பாரைத்தான் காணவில்லை.

கல்மேடு எப்படித் தொலையும்? கடலில் பெயர்ப்பலகை கிடையாது. கரையில் நின்ற ஒற்றைப் பனையும், பின்னால் ஊருக்குள் இருக்கும் தண்ணீர்த் தாங்கியும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் கோயில் கோபுரமும் ஐஸ் கடைக் கூரையும் ஒரே கோட்டில். இரண்டு கோடும் சந்திக்கிற இடம் பார். மார்கழிக் கடல் அந்தப் பனையை வேரோடு சாய்த்துவிட்டது.

போனில் இடத்தைக் குறித்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"பனை எங்க போகப்போகுது எண்டு இருந்திட்டம், ரீச்சர்," என்றாள் வதனி.

பார் என்ன, பெரிய மைதானமா? இரண்டு வீட்டு வளவு அளவுதான். தவம் நாள்கணக்கில் தேடிக் களைத்துவிட்டான். அந்த வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் வள்ளத்தை விற்றுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவதாக முடிவெடுத்து, ஏஜென்சியோடும் கதைத்துவிட்டான்.

"நான் அவரைப் போக விடமாட்டன். பனை இல்லாட்டி அந்த இடத்தில ஒரு ஆளை நிப்பாட்டுவம். உங்களுக்குப் பின்னேரந்தானே ரியூசன்?" என்று கேட்டாள் வதனி.

தடியை நட்டுவிட்டுப் போகலாமே? நட்டார்கள். மணலில் இரண்டு தரம் விழுந்தது. மற்ற வள்ளக்காரர் எல்லோரும் வலையோடு தூரக் கடலுக்குப் போய்விட்டார்கள். ஆகவே, பனை நின்ற குழியில் நான்.

வள்ளத்தில் தவம் எஞ்சினைப் பிடிக்க, வதனி கயிற்றில் ஈயக்குண்டை இறக்கிப் பார்த்தாள். குண்டின் அடியில் சவர்க்காரம் அப்பியிருந்தது. சேறு என்றால் ஒட்டிக்கொண்டு வரும். கல் என்றால் தழும்பு விழும். போனைத் துண்டிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு இடுப்பில் செருகியிருந்தேன், அதனால் எல்லாம் என் காதில் கேட்டது. சேறு... சேறு... ஒவ்வொரு தரமும் அதேதான்; அவள் குரல் மட்டும் தளரவில்லை. "இன்னொருக்கா விடுவம்."

எட்டரைக்கு வெயில் ஏறியது. எனக்குப் பொறுமை குறைவு என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பத்து எட்டு வைக்கிற தூரத்தில் ஒரு தாழம்புதர், அதன் கீழ் நல்ல நிழல். தடியோடு மெல்ல நகர்ந்தேன். பத்து எட்டுத்தானே, கடலில் இருப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

சிறிது நேரத்தில் போனில் குரல்.

"ரீச்சர், பனை நடக்குதோ?"

"சும்மா... நிழலுக்குள்ள வந்தனான்."

"நீங்கள் நிழலுக்குள்ள. நாங்கள் கோட்டை விட்டு எங்கையோ வந்திட்டம். பனைக்கு நிழல் வேணுமோ? பழைய இடத்தில போய் நில்லுங்கோ."

வெட்கமாகப் போய்விட்டது. முப்பது வருடமாகப் பிள்ளைகளை 'ஆடாமல் நில்' என்று அதட்டியவள் நான். ஒரு குழிக்குள் இரண்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. அந்தப் பெண்ணோ, ஒரு குடும்பத்தின் பிழைப்பை அந்தக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்... திரும்பிப் போய் நின்றேன். இந்த முறை இமைப்பதற்கும் யோசித்தேன்.

"இன்னொருக்கா விடுவம்."

"சேறு."

"இன்னொருக்கா."

பத்து மணி கடந்திருக்கும். போனில் குண்டு தண்ணீரில் விழுகிற சத்தம். பிறகு தவத்தைக் கூப்பிடும் வதனியின் குரல், மிக மெதுவாக.

"இஞ்சருங்கோ... கல்லு."

குண்டைத் தவமே வாங்கி மறுபடி இறக்கினான் போலிருக்கிறது. மறுபடியும் கல். உடனே வதனி இடத்தைக் குறித்தாள், இரண்டு போனிலும். முதல் தூண்டல் இறங்கிய கையோடு ஒரு விளைமீன் ஏறியது. அது துள்ளுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத் தவத்தின் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். காலை முழுவதும் பத்து வார்த்தை பேசாத மனிதன் எடுத்தான்.

"நான் வரேல்லை, தம்பி. வேற ஆளைப் பாருங்கோ. எனக்கு இஞ்ச வேலை கிடக்கு."

வதனி அழுதாள். கரையில் நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்? கண்ணைத் துடைக்கத்தான் முடியவில்லை — போகலாம் என்று பனைக்கு யாரும் இன்னும் சொல்லவில்லையே.