டப்பாக்களுக்குப் பொட்டு வைத்த நாள்

ராயபுரத்து ஐஸ் கம்பெனியில் கால் வைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா கேஸ் கசிந்தால் சொல்வதற்காக அங்கே சின்னச் சின்ன சென்சார் பெட்டிகளை மாட்டியது எங்கள் நிறுவனம்தான். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாஸ், இரண்டு மேசை, நான். விம்கோ நகரிலிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை ஓட்டி வந்து ஏணி ஏறுவதும் நான்தான், கீழே இறங்கியதும் திட்டு வாங்குவதும் நான்தான்.

அந்தப் பெட்டிகள் பேட்டரியில் ஓடுபவை. எந்நேரமும் விழித்திருந்தால் பேட்டரி சீக்கிரமே செத்துவிடும். அதனால் பெரும்பாலும் தூங்கும். நடுநடுவே எழுந்து காற்றைச் சோதித்து, கரண்டில் ஓடும் ஒரு பெரிய பெட்டியிடம் சேதியைச் சொல்லி, தனக்கு ஏதாவது சேதி இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கப் போய்விடும். அந்தப் பெரிய பெட்டிகளைத் தாய் என்போம். தாய் தூங்கக் கூடாது. பிள்ளைகள் சொன்னதை வாங்கி, ஒரு தாய் இன்னொரு தாய்க்குக் கைமாற்றி, கடைசியில் ஆபரேட்டர் மேசைக்கு எதிரில் இருக்கும் திரைக்குக் கொண்டு சேர்க்கும். எங்கே கசிகிறதோ அந்த இடத்தின் பெயர் சிவப்பாக எரியும்.

லோடு ஏற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் கேலிக்கூத்து.

"இன்னாமா, நாங்க முதுகு ஒடிய ஐஸு தூக்கினு கீறோம், உன் டப்பா ஜம்முனு தூங்கினு கீது?"

"மூக்கு கீறப்போ இது இன்னாத்துக்கு?" என்பார் இன்னொருவர்.

சிரிக்காத ஒரே ஆள் கம்ப்ரஸர் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடித்து நேரே ஷிப்டுக்கு வருகிறவர். வயது என் அப்பாவுக்கு நெருக்கம், ஆனாலும் எனக்கு அண்ணா. ஒரு நாள் எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாதுணா. ஏன்?"

"கொரோனாவுல போன வாசனை எனக்குத் திரும்பி வரவேயில்லமா. வூட்ல நெத்திலி தீஞ்சி போனாகூட தெர்ல. டாக்டரு கையில காட்டிட்டேன், வேலைக்காவல. ஓனருக்குத் தெரிஞ்சா கம்ப்ரஸர் ரூமுக்குள்ள வுட மாட்டாரு. வேற வேல எனக்கு இன்னா தெரியும்? யார் கைலயும் சொல்லிடாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே போகும்போதெல்லாம் முதலில் அந்தத் திரையைத்தான் பார்ப்பேன். அந்த மனிதர் தன் உயிரையும் வேலையையும் சேர்த்து அதன்மேல் வைத்திருந்தார். பாஸோ அதை அரைகுறையாகச் செய்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முகவரி உண்டு. ஒன்று தொழிற்சாலையிலேயே பதித்த நீளமான எண், அது கடைசிவரை மாறாது. இன்னொன்று தாயும் பிள்ளைகளும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் வலைக்குள் சேரும்போது கொடுக்கப்படும் குட்டி எண். வலையை விட்டுப் போய் மறுபடி சேர்ந்தால் அது மாறிவிடலாம். பாஸ் இடங்களின் பெயரையெல்லாம் குட்டி எண்ணோடுதான் கோத்திருந்தார். வாடகை வீட்டு விலாசத்தை நம்பிக் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற மாதிரி வேலை இது என்று நான் சண்டை போட்டேன். "தாய்தான் எப்பவும் கரண்ட்ல இருக்கே, அப்புறம் எங்க மாறப்போகுது?" என்றார். நீள எண் எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர் எங்கேயும் சேமித்துக்கூட வைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஐஸ் கம்பெனியில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கழுவினார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று அங்கே யாரும் அன்றைக்குப் பார்ப்பதில்லை, எல்லார் கையிலும் துடைப்பம். தாய்கள் மொத்தமாக அணைந்தன. தூங்கி எழுந்த பிள்ளைகள் தாயைக் காணாமல் தேடின. கரண்ட் வந்ததும் கிடைத்த தாயைப் பிடித்துக்கொண்டு புதுக் குட்டி எண்களை வாங்கின. மறுநாள் திரையில் இடத்தின் பெயருக்கும் அங்கே இருந்த பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

"மூடியில நீள எண் ஒட்டியிருக்குல்ல, அதைப் பார்த்து மாத்திடு, சின்ன வேலை," என்றார் பாஸ் போனில். இந்த முறை நீள எண்ணோடு கோத்துவிடலாம் என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். நான் ஏறி இறங்கி ஒவ்வொரு மூடியையும் படித்து, அது மாட்டியிருக்கும் இடத்தைப் பதிவு செய்தேன். எல்லா மூடியிலும் அழகாகச் சந்தனம், குங்குமம். பஞ்சில் அமோனியாவை நனைத்து ஒவ்வொரு பெட்டிக்கும் காட்டிச் சோதித்துவிடுகிறேன் என்றேன். ஓனர் எரிந்து விழுந்தார்.

"ஹார்பர்ல போட்டு வந்து நிக்குது, வண்டிங்க வரிசையில நிக்குது, உன் பஞ்சு வெளையாட்ட அப்பால வச்சிக்கோ!"

பாஸும் அவர் பக்கம்தான். மாத்தூரில் வேறு வேலை இருக்கிறது, உடனே கிளம்பு என்றார். நான் கத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்துக் கம்ப்ரஸர் ரூமில் ஒரு வால்வு கசிந்தது. திரையில் சிவப்பாக எரிந்ததோ லோடிங் மேடை. அண்ணன் திரையை நம்பினார். மேடையில் இருந்தவர்களை ஓடச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு, வெளியே இருக்கும் கேஸ் உள்ளே வரக் கூடாது என்று கம்ப்ரஸர் ரூம் கதவை உள்ளிருந்து சாத்தி, மெஷினை நிறுத்தப் போனார். கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. கதவிடுக்கு வழியாக வருகிறது என்று நினைத்து ஈரச் சாக்கை எடுத்து இடுக்கில் அடைத்திருக்கிறார். கேஸோடு தன்னையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டார்.

மேடையில் ஒரு வாசனையும் இல்லையே என்று சொல்ல வந்த லோடுமேன் கதவைத் தள்ளித் திறந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவரை இழுத்துப் போட்டார். அண்ணன் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்த அன்று ஓனர் எல்லார் முன்னாலும் கேட்டார். "கேஸுக்குள்ளயே நின்னுகினு சாக்க வச்சி கதவ அடைச்சிகினு இருந்திருக்க. நாத்தம் தெரியலயா உனக்கு?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அன்றே அவரைக் கேட்டில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் ஒரு பெட்டியைக் கழற்றினேன். உள்ளே பதித்திருந்த எண் வேறு, மூடியில் ஒட்டியிருந்த எண் வேறு. அடுத்ததும் அப்படியே. யாரோ மூடிகளைக் கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள். "எவன் இதைத் தொட்டது?" என்று அந்த இடமே அதிரக் கத்தினேன். பாஸ் கஸ்டமர் தப்பு என்றார், ஓனர் எங்கள் தப்பு என்றார். மூடியை மாற்றிய அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் அறைந்துவிடுவது என்ற முடிவோடு வெளியே வந்தேன்.

கேட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கண் இன்னும் சிவப்பு.

"டப்பா ஏன்மா அப்டி சொல்லிச்சு? பொய் சொல்லாதுன்னியே?"

"மூடிங்க மாறிப்போச்சுணா. பூஜைக்கு எவனோ கழட்டியிருக்கான்."

அவர் கையில் இருந்த டோக்கன் கட்டைக் கீழே வைத்தார்.

"மூடிய மட்டும் கழட்டி ஒரே பக்கெட்ல போட்டு சோப்பு போட்டேன்மா. மத்த சாமானெல்லாம் அவனுங்க கழுவுனானுங்க. டப்பாவ நான் யாரையும் தொட வுடல. எனக்கு சோறு போடறதே அதுதானேன்னு நானே தொடச்சி, நானே பொட்டு வச்சேன்."

பின்னால் ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய் டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார்.