கெங்கம்மாளின் கரும்புச் சர்க்கரைக் கலர்

கல்யாணம் ஆகும்வரை கெங்கம்மாள் கரும்பு வெட்டப் போனவள். திருத்தணியில் சோடா கம்பெனி வைத்திருந்த தங்கவேலுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு சர்க்கரைப் பாகு காய்ச்சினாள். சர்க்கரை நோயில் அவருடைய கால் விரல்கள் இரண்டை எடுத்த பின்பு கம்பெனி முழுக்க அவள் கைக்கு வந்தது. கம்பெனி என்றால் ஒரு ஷெட், கேஸ் ஏற்றும் இயந்திரம் ஒன்று, அடுப்பு இரண்டு. பன்னீர், திராட்சை, ஆரஞ்சு என மூன்று கலர் பானங்கள். 'கரும்புச் சர்க்கரையில் செய்தது' என்று லேபிளில் அச்சடிக்கச் சொன்னவள் அவள்தான்.

பொதட்டூர்பேட்டை வரைக்கும் கடைகளில் சரக்குப் போட்டுவந்தவன் சுந்தரமூர்த்தி. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெள்ளைக் கேன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான்.

"மக்காச்சோள சிரப்புக்கா. வெளிநாட்டு கம்பெனிங்கல்லாம் இதுலதான் போடறாங்க. காய்ச்ச வேணாம், வடிகட்ட வேணாம். ஊத்திக் கலக்கினா முடிஞ்சிது. விலையும் கம்மி."

கெங்கம்மாள் எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. சர்க்கரையில் ஒரு பன்னீர், சிரப்பில் ஒரு பன்னீர் போட்டு, அடையாளத்துக்கு மூடியில் நூல் கட்டி, அம்மையார்குப்பம் பேருந்து நிறுத்தத்துக்கு எடுத்துப் போனாள். பன்னிரண்டு நெசவாளிகள் குடித்துப் பார்த்தார்கள். எட்டுப் பேர் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். மூன்று பேருக்குச் சிரப் போட்டதே பிடித்திருந்தது. சர்க்கரை போட்டதைக் காட்டிய ஒருவரும், "சும்மா சொன்னேம்மா, எனக்கு வித்தியாசம் தெரியல" என்று சிரித்தார்.

இருபது வருடம் அடுப்பில் வெந்தவளுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது.

"பாத்தியாக்கா? இன்னும் இன்னா யோசனை?" என்றான் சுந்தரமூர்த்தி.

"நாக்குக்குத் தெரியலன்றது நெஜந்தான். மாத்தறதுன்னா லேபிளயும் மாத்தணும்."

"அதுல கை வைக்காதக்கா. கரும்புன்னு போட்டிருக்கறதாலதான் ஓடிகினு கீது. உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கப் போறான்?"

"அத நம்பித்தானே வாங்கறான்? கேனைத் தூக்கிகினு போ."

"அப்ப உன் சரக்க நான் எடுக்க மாட்டேன்."

"எடுக்காத."

சொன்னபடியே அவன் வருவதை நிறுத்தினான். பெட்டிகள் ஷெட்டில் கூரை உயரத்துக்கு ஏறின. "பண்டிகை நேரத்துல வீம்பு இன்னாத்துக்கு?" என்றார் தங்கவேல்.

"வீம்புதான். அந்தக் கரும்புச் சோகையில கை கிழிஞ்சவ நானு. கரும்புன்னு பேரப் போட்டு வேற ஒண்ண விக்கச் சொல்றியா?"

அவர் எழுந்து போய்க் காலி பாட்டில்களைக் கழுவ உட்கார்ந்தார்.

ஆடிக் கிருத்திகையன்று லோடு ஆட்டோ பிடித்து இருவரும் மலையடிவாரத்தில் கடை போட்டார்கள். காவடி இறக்கிவிட்டு வந்த கூட்டம் வண்டியை மொய்த்தது. லேபிளைப் படித்த ஒருவர், "கரும்புச் சர்க்கரையாம்மா? அப்ப சுகர் இருக்கறவங்க குடிக்கலாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், பாட்டில் விற்றிருக்கும்.

"கூடாதுங்க. கரும்போ சோளமோ, சுகருக்கு ரெண்டும் கெடுதல்தான். எங்க வூட்டுக்காரர் காலப் பாருங்க. உங்களுக்கு வெறும் சோடா தரேன்" என்றாள் கெங்கம்மாள், சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி.

தங்கவேல் வேட்டியை லேசாக உயர்த்திக் காலைக் காட்டினார். நாலைந்து பேர் நழுவினார்கள். மற்றவர்கள் சோடா கேட்டார்கள். அன்று முதலில் தீர்ந்தது வெறும் சோடாதான்.

கடைகளில் பாதி அவள் கையைவிட்டுப் போனது. பொதட்டூர்பேட்டையிலிருந்து மூன்று கடைக்காரர்கள் மட்டும் தாங்களாகவே போன் செய்து சரக்குக் கேட்டார்கள். வாரம் இரண்டு முறை அவளே கொண்டுபோய்ப் போடுகிறாள். அப்படி ஒரு நாள், வேறு கம்பெனி பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி கடை வாசலில் எதிர்ப்பட்டான்.

"இன்னும் எத்தினி நாளைக்குக்கா இப்படி அலைவ?"

"ஓரமா நில்லு சுந்தரமூர்த்தி," என்றாள் கெங்கம்மாள். "பெட்டி எறக்கணும்."